பிடித்துப் போனவர் எங்கே?

ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது என்று சேதி வந்தால், வீட்டில் இருப்பவர்கள் முதலில் கேட்பது "ஏன்?" என்று அல்ல, "எங்கே?" என்றுதான். காரணத்தைப் பிறகு வக்கீல் வைத்துத் தெரிந்துகொள்ளலாம். ஆள் எந்த ஸ்டேஷனில் இருக்கிறார், அடி உதை இல்லாமல் இருக்கிறாரா, நாளைக்கு எந்தக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்பவை அன்று இரவே தெரிந்தாக வேண்டிய விஷயங்கள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஸ்டேஷனில் எழுதிப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் பட்டியல் போடும் வசதியும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் நம் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைவதை நான் பார்த்து வருகிறேன். இது பற்றி எனக்குத் தோன்றுவதை நம் சங்க இதழின் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் வக்கீல் அல்ல. தமிழும் மலையாளமும் எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்தால், மனு எழுதித் தரச் சொல்லி என் வீட்டுத் திண்ணைக்கு நாலு பேர் வருவார்கள். ரேஷன் கார்டு, வீட்டு வரி, முதியோர் பென்ஷன் என்று பெரும்பாலும் பகல்நேர விவகாரங்கள்தான். எப்போதாவது விளக்கு வைத்த பிறகு ஒருவர் வந்து நின்றால், அது பெரும்பாலும் இந்த "எங்கே" என்ற கேள்வியாகத்தான் இருக்கும்.

கொல்லங்கோட்டுக்காரர்களுக்கு இந்தக் கேள்வி மற்ற ஊர்க்காரர்களைவிடக் கடினமானது. நம் ஊர் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் இருக்கிறது. கிழக்கே முதலமடை மாந்தோப்புகள். அதையும் தாண்டினால் கோவிந்தாபுரம். அதற்கு அப்பால் தமிழ்நாடு. வீடு இந்தப் பக்கம், வேலை அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள் நம்மில் ஏராளம். ஒருவரைக் காணவில்லை என்றால் அவர் கொல்லங்கோடு ஸ்டேஷனிலும் இருக்கலாம், சித்தூரிலும் மீனாட்சிபுரத்திலும் இருக்கலாம், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலும் இருக்கலாம். போதாததற்கு, பிடித்தது போலீஸ்தானா என்பதே சந்தேகம். கள்ளுக்கும் சாராயத்துக்கும் பேர்போன எல்லை இது. எக்ஸைஸ்காரர்களுக்கும் கைது செய்யும் அதிகாரம் உண்டு. மலையோரத்தில் வனத்துறைக்கும் அந்த அதிகாரம் உண்டு. பார்த்துவிட்டு வந்து சொல்லும் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காக்கிச் சட்டை தெரியுமே தவிர, அது எந்த இலாகாவின் காக்கி என்று தெரியாது.

தமிழருக்கு இந்தத் துயரம் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனைப் பிடித்துக் கொன்றதை அரண்மனை ஆள் அனுப்பிக் கண்ணகிக்குச் சொல்லவில்லை. ஆயர்பாடியில் ஒரு பெண் கேள்விப்பட்டு வந்து சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கண்ணகிக்கு இடுக்கி எல்லையில், மங்கலதேவி மலையில் கோட்டம் இருக்கிறது; சித்ரா பௌர்ணமியன்று இரு மாநிலத்து மக்களும் மலையேறிப் போய்க் கும்பிடுகிறார்கள். வீட்டாருக்குச் சொல்லாமல் ஒருவரைப் பிடிப்பது எத்தனை பெரிய அநியாயம் என்பதை அந்தக் கோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அவ்வளவு பின்னால் போகவும் வேண்டாம். நம் கேரளத்திலேயே 1976 மார்ச் 1-ஆம் தேதி, நெருக்கடி நிலைக் காலத்தில், கோழிக்கோடு ரீஜனல் இன்ஜினீயரிங் காலேஜ் மாணவர் ராஜனைப் போலீசார் கொண்டுபோனார்கள். அவருடைய தந்தை ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். படித்தவர், பெரிய மனிதர்களை நேரில் பார்க்க முடிந்தவர். அவராலேயே மகன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ள முடியவில்லை. மனு மேல் மனு போட்டார். வாசல் வாசலாக ஏறி இறங்கினார். 1977-இல் நெருக்கடி நிலை நீங்கிய பிறகு கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ராஜனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பு சாதித்தது. போலீஸ் காவலில் அவர் இருந்தார் என்று நீதிமன்றம் 1977 ஏப்ரலில் முடிவு சொன்னது. கக்கயம் முகாமில் அவர் இறந்துபோனது பிறகு வெளியே வந்தது. நெருக்கடி நிலையின்போது உள்துறை அமைச்சராக இருந்து, 1977 மார்ச்சில் முதலமைச்சரான கருணாகரன், ஒரே மாதத்தில் பதவி விலக வேண்டியதாயிற்று. மகனுடைய உடல் மட்டும் அந்தத் தந்தைக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 2006-இல் அவரும் காலமானார்.

கைது செய்த ஆளின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டைப் பிறர் பார்க்கும்படி வைப்பது ஏதோ ஆபீஸ் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் இந்த வழக்கை நினைத்துப் பார்க்க வேண்டும். எழுதாத கைதை இல்லை என்று சொல்லிவிடலாம். எழுதி வெளியே மாட்டிய கைதை அப்படிச் சொல்ல முடியாது.

நம் நாட்டில் இதற்கான சட்டம் ஒரே நாளில் வந்ததல்ல. 1994 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தில் ஜோகிந்தர் குமார் என்ற 28 வயது வக்கீலை விசாரணைக்கு என்று காஸியாபாத் போலீஸ் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். போனவரைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியவில்லை. உச்ச நீதிமன்றம் வரை விவகாரம் போயிற்று. கைதான ஒருவர், தான் கைதாகியிருப்பதையும் தன்னை வைத்திருக்கும் இடத்தையும் தன் நண்பருக்கோ உறவினருக்கோ தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம்; அது அவருடைய உரிமை என்று அந்த வழக்கில் தீர்ப்பாயிற்று.

அடுத்தது டி.கே. பாசு வழக்கு. மேற்கு வங்காளத்தில் இலவச சட்ட உதவி அமைப்பின் பொறுப்பில் இருந்த அவர், லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைச் சேர்த்து 1986-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 1996 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. அதில் 11 கட்டளைகள். கைது செய்பவர் தம் பெயரும் பதவியும் தெரியும்படி அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரின் உறவினர் வேறு மாவட்டத்திலோ வெளியூரிலோ இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் தந்தி மூலம் சேதி போக வேண்டும். மாவட்டத் தலைநகரில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் விவரம் போய், அங்கே எல்லோர் கண்ணிலும் படும் பலகையில் எழுதப்பட வேண்டும். இவை போலீசுக்கு மட்டுமல்ல, கைது செய்யும் அதிகாரம் உள்ள மற்ற அரசு அமைப்புகளுக்கும் பொருந்தும் என்றும் நீதிமன்றம் சொன்னது. தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோயிற்று. சேதி சொல்ல வேண்டிய கடமை நிற்கவில்லை.

பிறகு 2009-இல் குற்ற நடைமுறைச் சட்டத்தைத் திருத்தி, கட்டுப்பாட்டு அறைப் பலகையை நாடாளுமன்றமே சட்டமாக்கியது. 2010 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதா என்ற புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நமக்கு வேண்டிய சில பிரிவுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

37-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் ஏ.எஸ்.ஐ. பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரியை இதற்கென்றே நியமிக்க வேண்டும். கைதானவர்களின் பெயர், விலாசம், குற்றத்தின் தன்மை ஆகியவற்றை வைத்துக் காப்பது அவர் பொறுப்பு. அந்த விவரங்களை ஒவ்வொரு ஸ்டேஷனிலும், மாவட்டத் தலைமையகத்திலும், கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகவும் காட்டலாம். 48-ஆம் பிரிவின்படி, கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ உடனே தகவல் தர வேண்டும். யாருக்குத் தகவல் தரப்பட்டது என்று ஸ்டேஷன் புத்தகத்தில் பதிய வேண்டும். 58-ஆம் பிரிவின்படி, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு 82-ஆம் பிரிவு மிக முக்கியம். வாரண்டோடு வந்து வேறு மாவட்டத்தில் ஒருவரைக் கைது செய்தால், அவர் வழக்கமாகக் குடியிருக்கும் மாவட்டத்தின் பொறுப்பு அதிகாரிக்கும் உடனே தகவல் போக வேண்டும். அதாவது, நம்மவர் ஒருவரைப் பொள்ளாச்சியில் வாரண்டில் பிடித்தால் பாலக்காட்டுக்குச் சேதி வந்தாக வேண்டும்.

கேரளத்தில் இதற்கு மேலும் ஒரு பலம் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கேரள போலீஸ் சட்டத்தின் 8-ஆம் பிரிவில், இன்னார் இந்த ஸ்டேஷனில் காவலில் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ளும் உரிமை எல்லோருக்கும் தரப்பட்டிருக்கிறது. "நீ யார் கேட்பதற்கு?" என்று வாசலில் நிற்கும் பாராக்காரர் கேட்டால், பணிவாகவே, ஆனால் தைரியமாக, இந்தச் சட்டத்தைச் சொல்லலாம்.

இவ்வளவு இருந்தும் ஏன் அலைச்சல்? நான் கண்ட வரையில் மூன்று காரணங்கள்.

முதலாவது, மொழி. பெயர் எழுதுவது மலையாளத்தில் அல்லது ஆங்கிலத்தில். தேடி வருவது தமிழ் மட்டும் தெரிந்த தாய் அல்லது மனைவி. தோட்டத்தில் மாங்காய் பறித்து மூட்டை கட்டும் ஒரு பெண்மணி, தன் கணவரைத் தேடி எல்லைப்புற ஸ்டேஷன் ஒன்றுக்குப் போனார். "போர்டில் பார்" என்றார்கள். பலகையில் பெயர் இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியவில்லை. அடுத்த ஸ்டேஷனுக்குப் பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது. இதில் சட்டத்தை மீறியவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. அதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது.

இரண்டாவது, பெயர் எழுதும் முறை. கேரள போலீசின் இணையதளத்தில் மாவட்டவாரியாக, வாரக் கணக்கில், கைதானவர்களின் பட்டியல் ஏறி வந்ததைக் கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் பார்த்திருக்கலாம். பெயர், தந்தை பெயர், வயது, விலாசம், பிடித்த இடம், தேதியும் நேரமும், குற்ற எண், ஸ்டேஷன், கைது செய்த அதிகாரி, எந்தக் கோர்ட் என்று கட்டம் கட்டி இருக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் பெயர்களை மலையாளத்தில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதும்போது பழனிசாமி எத்தனை விதமாக மாறுகிறார்! நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். இங்கே பின்னால் போய்விடும். மலையாளிகளுக்கு வீட்டுப் பெயர் உண்டு. நம்மில் பலருக்கு அது கிடையாது. அந்தக் கட்டத்தில் தெருப் பெயரையோ தோட்ட முதலாளியின் பெயரையோ எழுதிவிடுகிறார்கள். ஊர்ப் பெயரிலும் குழப்பம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரு கொல்லங்கோடு இருக்கிறது. அங்கேயும் ஒரு காவல் நிலையம் இருக்கிறது. சித்தூர் என்று தேடினால் ஆந்திரத்துச் சித்தூர் முன்னால் வந்து நிற்கும். ஆகவே பெயரை வைத்துத் தேடாதீர்கள், குற்ற எண்ணையும் ஆண்டையும் ஸ்டேஷனையும் வைத்துத் தேடுங்கள் என்பதே என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை.

மூன்றாவது, நேரம். வாரப் பட்டியல் ஆராய்ச்சி செய்பவருக்கு உதவும். முதல் நாள் இரவு தேடும் குடும்பத்துக்கு உதவாது. லாக்கப்பில் நடக்கக்கூடாதது நடப்பது பெரும்பாலும் மாஜிஸ்திரேட் முகத்தைப் பார்ப்பதற்கு முந்திய மணி நேரங்களில்தான். சனிக்கிழமை வரும் பட்டியலால் செவ்வாய்க்கிழமை இரவைக் காப்பாற்ற முடியாது.

இங்கே சில வாசகர்கள் வேறொரு சந்தேகம் எழுப்பலாம். "ஒருவன் கைதானதை ஊரெல்லாம் பார்க்கும்படி எழுதிப் போட்டால் அவன் மானம் என்ன ஆவது? கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடாக இருந்தால்?" இது நியாயமான சந்தேகம். இதற்குப் பதில் சொல்லாமல் "எல்லாவற்றையும் வெளியே போடு" என்று கோஷம் போட எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றையும் வெளியே போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே பல கவுண்டிகளில் ஷெரீஃப் அலுவலகம் சிறையில் ஏற்றுபவர்களின் பெயரையும் படத்தையும் அன்றன்றைக்கே இணையத்தில் போடுகிறது. நம் பிள்ளைகள் அங்கே இருந்தால், ஊர்ப் பெயரைத் தட்டி யார் உள்ளே இருக்கிறார் என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். தேடும் குடும்பத்துக்கு அது பெரிய வசதி. ஆனால் சில தனியார் கம்பெனிகள் அந்தப் படங்களை அள்ளித் தங்கள் பக்கங்களில் போட்டு, "எடுக்க வேண்டுமானால் பணம் கட்டு" என்று வியாபாரம் செய்யத் தொடங்கின. வழக்கு தள்ளுபடியானவர்கள்கூடக் கப்பம் கட்ட வேண்டிவந்தது. ஜார்ஜியா மாநிலம் 2013-லும் கலிபோர்னியா 2014-லும் இதைத் தடுக்கச் சட்டம் போட்டன. வன்முறை சாராத குற்றங்களில் பிடிபட்டவர்களின் படத்தைப் போலீசாரே சமூக வலைத்தளங்களில் போடுவதற்குக் கலிபோர்னியா 2021-இல் ஒரு சட்டத்தின் மூலம் கட்டுப்பாடும் விதித்தது.

நம் நாட்டில் இந்த ஆபத்து இன்னும் பெரியது. 2022-ஆம் ஆண்டு முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர்; அவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்குக்கும் மேல், தீர்ப்பு வராத விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு சொல்கிறது. கைதானவர் குற்றவாளி அல்ல. ஊர் வாய் இதை ஒத்துக்கொள்வதில்லை. காசு வைத்துச் சீட்டாடினார் என்று பிடிபட்டு, அபராதம் கட்டிவிட்டு வந்த ஓர் இளைஞரை எனக்குத் தெரியும். பல வருஷம் கழித்து டிரைவர் வேலைக்குப் போனபோது, யாரோ எப்போதோ கம்ப்யூட்டரில் இருந்து எடுத்து வைத்த அந்தப் பட்டியலைக் காட்டி வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாக்பீஸால் எழுதிய பலகை அடுத்த வாரம் அழிந்துவிடும். கம்ப்யூட்டரில் ஏறிய பெயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

என் கருத்து இதுதான்: கைதுப் பட்டியல் இருப்பது தேடி வரும் குடும்பத்துக்காக, வேடிக்கை பார்ப்பவர்களுக்காக அல்ல. இந்த ஒரு நோக்கத்தை மனத்தில் வைத்தால் எதை எழுத வேண்டும், எவ்வளவு நாள் வைக்க வேண்டும், எந்த மொழியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். முதல் நாளே, ஏன், முதல் சில மணி நேரத்திலேயே பெயர் வெளியே வர வேண்டும். வழக்கு முடிந்து விடுதலையானால் அந்தப் பெயர் இணையத்திலிருந்து நீங்க வேண்டும். படம் தேவையே இல்லை. தாய்க்கு மகனை அடையாளம் காட்டப் படம் வேண்டியதில்லை.

முதல் தகவல் அறிக்கை விஷயத்தில் இப்படி ஒரு நிதானத்தை உச்ச நீதிமன்றமே காட்டியிருக்கிறது. 2016 செப்டம்பரில், அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உத்தரவிட்ட நீதிமன்றம், இணைப்பு வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி நேரம் வரை தவணை கொடுத்தது. பாலியல் குற்றங்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்டவை, பயங்கரவாத வழக்குகள் போன்றவற்றை ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னது. திறக்க வேண்டியதைத் திறந்து, மூட வேண்டியதை மூடுவது முடியாத காரியம் அல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

இனி மொழிக்கு வருகிறேன். 2025 நவம்பர் 6-ஆம் தேதி மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், கைதுக்கான காரணங்களைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாவிட்டால் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்தாக வேண்டும். இந்தத் தீர்ப்பு நம்மைப் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்குக் கிடைத்த பெரிய வரம். தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் மலையாளத்தில் எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, "சொல்லிவிட்டோம்" என்று கணக்குக் காட்ட முடியாது. இதற்கும் முன்பே, 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் தத்தம் மொழியில் அரசோடும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அலுவலகங்களோடும் கடிதப் போக்குவரத்து நடத்தலாம் என்று இடம் கொடுத்திருக்கிறது. நாம் பிச்சை கேட்கவில்லை. ஏட்டில் இருப்பதைக் கேட்கிறோம்.

ஆகவே அரசுக்கு நம் சங்கத்தின் மூலம் வைக்கத்தக்க கோரிக்கைகள் நான்கு. ஒன்று, கொல்லங்கோடு உள்பட சித்தூர் தாலுக்காவின் ஸ்டேஷன்களில் கைதுப் பலகை மலையாளத்தோடு தமிழிலும் எழுதப்பட வேண்டும். உள்ளே போய் அனுமதி கேட்காமல் வாசலிலேயே பார்க்கும்படி இருக்க வேண்டும். இரண்டு, எக்ஸைஸ், வனத்துறை அலுவலகங்களும் தாங்கள் பிடித்தவர்களின் விவரத்தை அன்றைக்கே மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுத்து, ஒரே பட்டியலில் எல்லாப் பெயரும் வரச் செய்ய வேண்டும். மூன்று, வாரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பாலக்காடு மாவட்டத்துக்காரரைக் கோவை மாவட்டத்தில் பிடித்தாலும் அங்கத்தவரை இங்கே பிடித்தாலும், இரு மாவட்டக் கட்டுப்பாட்டு அறைகளும் அன்றைக்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். நான்கு, இணையத்தில் ஏறும் பட்டியல் தினமும் ஏற வேண்டும்; அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால் செய்ய வேண்டியவற்றை இங்கே சொல்லி வைக்கிறேன்; இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டாலும் நல்லதே. வந்தவர்களின் பெயரையும் எந்த இலாகா என்பதையும் அங்கேயே கேளுங்கள். வண்டி நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் நேரத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். அந்த நேரத்திலிருந்துதான் 24 மணி நேரம் ஓடத் தொடங்குகிறது. பிறகு பக்கத்து ஸ்டேஷனில், பொறுப்பு அதிகாரி யார் என்று கேட்டு, அவரிடமே விசாரியுங்கள். அங்கே இல்லை என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைக் கேளுங்கள். குற்ற எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கேரள போலீசின் "துண" இணையதளத்தில் முதல் தகவல் அறிக்கையும், இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கின் நிலையும் அந்த எண்ணைக் கொண்டு தேடலாம். கம்ப்யூட்டர் தெரியாதவர்கள் அட்சயா மையத்தில் உதவி கேட்கலாம்.

மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டால் எந்தச் சிறை என்று கோர்ட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சித்தூர் ஸ்பெஷல் சப் ஜெயிலா, மலம்புழையில் உள்ள மாவட்டச் சிறையா, திருச்சூர் விய்யூர் சென்ட்ரல் ஜெயிலா என்று தெரியாமல் பஸ் ஏற வேண்டாம். காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். யாருமே பதில் சொல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒருவருடைய உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலை 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று அதன் 7-ஆம் பிரிவு சொல்கிறது. மற்ற மனுக்களுக்கு உள்ள 30 நாள் தவணை இதற்குக் கிடையாது. அதற்கும் அசையாவிட்டால் எர்ணாகுளத்தில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஈச்சர வாரியர் தட்டிய அதே கதவு.

"தப்பு செய்தவனைப் பிடிக்கிறார்கள், நமக்கேன் இந்த வேலை?" என்று கேட்கும் அன்பர்களும் நம்மிடையே உண்டு. தப்பு செய்தாரா என்று சொல்ல வேண்டியது கோர்ட். அந்தக் கோர்ட் வாசல் வரை அவர் உயிரோடு, உடம்பில் காயம் இல்லாமல் வந்து சேர வேண்டும் என்பதில் நமக்கெல்லாம் அக்கறை இருக்க வேண்டும். நியாயமாக வேலை செய்யும் போலீஸ்காரருக்கும் இது பாதுகாப்பு. பலகையில் நேரத்தோடு பெயர் எழுதியவர்மேல் நாளைக்கு யாரும் வீண்பழி போட முடியாது.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது; மகிழ்ச்சி. அதோடு இரண்டு மொழியும் படிக்கத் தெரிந்த நாலைந்து பேர், முடிந்தால் அவர்களில் ஒரு வக்கீல், ராத்திரி எந்நேரமும் போனை எடுப்போம் என்று பெயர் கொடுத்தால், அடுத்த பொதுக்குழுவில் அதை ஒரு தீர்மானமாகவே வைக்கலாம். ஸ்டேஷன் வாசலுக்குப் போய் ஒரு பலகையைப் படித்துச் சொல்வது பெரிய சமூக சேவை என்று யாரும் மாலை போடமாட்டார்கள். ஆனால் அந்த மாங்காய்த் தோட்டத்துப் பெண்மணி அன்று அடுத்த பஸ் ஏறியிருக்க வேண்டியதில்லை. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்; மற்ற மூன்று நான்கு பெயர்களை வாசகர்களிடமிருந்து எதிர்பார்க்கிறேன்.